ஐந்து சென்டிமீட்டர் மண்: ஃபுகுஷிமாவும் மாற்று மின்சாரமும்

ஃபுகுஷிமா என்ற பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, கதிர்வீச்சால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதுதான். அணுமின் ஆதரவாளர்கள் உடனே ஐ.நா. அறிவியல் குழுவின் அறிக்கையை எடுத்து வைப்பார்கள். கதிர்வீச்சின் நேரடி விளைவு என்று சொல்லத்தக்க உடல்நலக் கேடு எதுவும் ஃபுகுஷிமா மாகாண மக்களிடம் பதிவாகவில்லை என்று அக்குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எதிர்ப்பாளர்கள் விபத்தின்போது சிறுவராக இருந்தவர்களிடம் பின்னர் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய்களைச் சுட்டுவார்கள். அவை கதிர்வீச்சால் வந்தவையா, பரவலாகப் பரிசோதித்ததால் வெளியே தெரிந்தவையா என்று அடுத்த வாதம் கிளம்பும். பேச்சு அதோடு முட்டி நின்றுவிடும்.

இந்தக் கேள்வி ஒன்றை மட்டும் கேட்பது போதாது. ஃபுகுஷிமா மாகாணத்தில் நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 1,600 பேர். வெளியேற்றத்தின் அலைச்சலிலும், சிகிச்சை தடைப்பட்டதாலும், தற்காலிகக் குடியிருப்புகளில் நொடிந்துபோயும், உயிரை மாய்த்துக்கொண்டும் இறந்ததாக அரசே பட்டியலில் சேர்த்தவர்கள் 2,300க்கும் மேல். உலையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்த ஒரு மருத்துவமனையின் முதிய நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி, படுக்கவும் இடமின்றி, பல மணி நேரம் சுற்றிக் கொண்டுபோனார்கள். வழியிலும் போய்ச் சேர்ந்த பின்னும் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். கதிர்வீச்சு அவர்களைக் கொல்லவில்லை என்பது உண்மை. உலை வெடிக்காமல் இருந்திருந்தால் அவர்களை அப்படி இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை.

அணு விபத்து ஒன்று நடந்தால் உண்மையில் எது கெடுகிறது, அந்த நட்டத்தை யார் தலையில் கட்டுகிறார்கள், விபத்துக்குப் பின் நாடுகள் ஏன் மாற்று மின்சாரத்துக்கு வேகமாகவோ மெதுவாகவோ போயின? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு முடிவுக்கு வர முடியாது. விபத்து நடந்தவுடன் நாடு பாடம் கற்றுத் தானாகவே சூரியனுக்கும் காற்றுக்கும் மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடந்த வரலாறு அப்படியில்லை.

கணக்கு போட்டும் கட்டாத சுவர்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. ஃபுகுஷிமா தாயிச்சி நிலையத்தின் ஆறு உலைகளில் ஓடிக்கொண்டிருந்த மூன்றும் உடனே தாமாக நின்றன. அதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. ஆனால் உலை நின்ற பிறகும் எரிபொருள் பல நாள் சூடு கக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்காவிட்டால் உருகிவிடும். வெளி மின்சாரம் நிலநடுக்கத்தில் அறுந்துபோனது. ஒரு மணி நேரத்துக்குள் வந்த அலை, தாழ்வான இடங்களில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. இருட்டில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு உலைக்குள் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்றுகூடத் தெரியவில்லை. வளாகத்தில் நின்ற கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி வந்து, மீட்டர்களில் இணைத்து, கைவிளக்கு வெளிச்சத்தில் எண்களைப் படித்தார்கள். அடுத்த நான்கு நாட்களில் 1, 3, 4 ஆகிய உலைக் கட்டடங்கள் ஹைட்ரஜன் வெடிப்பில் சிதறின.

அலை இவ்வளவு உயரம் வரும் என்று யாருக்குத் தெரியும் என்று அப்போது கேட்டார்கள். தெரிந்திருந்தது. அந்தக் கரை ஒரு காலத்தில் 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேடு. கடல்நீரை எளிதாக ஏற்றவும், பாறையில் அடித்தளம் போடவும் அதை வெட்டி 10 மீட்டராகத் தாழ்த்தித்தான் நிலையத்தைக் கட்டினார்கள். 5.7 மீட்டர் அலையைத் தாங்கும்படி பாதுகாப்பு இருந்தது. 15.7 மீட்டர் வரை அலை வரலாம் என்று நிலையத்தை நடத்திய டோக்கியோ மின் நிறுவனத்தின் உள் கணக்கீடே 2008இல் சொன்னது. மேலும் ஆராயலாம் என்று அதை ஒத்திப் போட்டார்கள். வந்த அலை ஏறத்தாழ 14, 15 மீட்டர்.

வடக்கே, நிலநடுக்க மையத்துக்கு இன்னும் நெருக்கமாக ஒனகவா அணுமின் நிலையம் இருக்கிறது. யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர், 869ஆம் ஆண்டில் அப்பகுதியைத் தாக்கிய ஆழிப்பேரலையை நினைவில் வைத்து, நிலையம் 14.8 மீட்டர் உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 2011இல் அந்த நிலையம் தப்பியது. வீடிழந்த ஊர்மக்கள் சில நூறு பேர் நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் தஞ்சம் புகுந்தார்கள். ஆக, அணு உலை என்றாலே வெடிக்கும் என்று சொல்வது சரியில்லை. ஒரு மனிதரின் பிடிவாதம் ஒரு கரையைக் காத்தது; ஒரு நிறுவனத்தின் தயக்கம் இன்னொரு கரையை அழித்தது. இத்தனை பெரிய ஆபத்தை நிர்வாகிகளின் குணத்தை நம்பி விட்டுவைக்கலாமா என்பதே என் கேள்வி.

கியோஷி குரோகாவா தலைமையில் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, இது மனிதர்கள் வரவழைத்த பேரழிவு என்று 2012 ஜூலையில் எழுதியது. கண்காணிக்க வேண்டிய அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைப்பைக் கலைத்துத் தனி ஆணையம் அமைத்தது 2012 செப்டம்பரில். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

காற்று போன வழி

அரசு முதலில் வட்டம் போட்டது: மூன்று கிலோமீட்டர், பத்து, இருபது. காற்றுக்கு வட்டம் தெரியாது. மார்ச் 15 அன்று காற்று வடமேற்கே திரும்பியது. மழையும் பனியும் பெய்து, மிதந்துபோன கதிரியக்க சீசியத்தை மலைகளிலும் வயல்களிலும் இறக்கின. உலையிலிருந்து 30 முதல் 45 கிலோமீட்டர் தொலைவில், அணுமின்சாரத்தால் பெரிதாக ஒரு காசும் காணாத இதாத்தே என்ற மலைக்கிராமம் அந்த வழியில் இருந்தது. மாட்டிறைச்சிக்கும் காய்கறிக்கும் பேர்போன ஊர்; மக்கள்தொகை ஆறாயிரம் சொச்சம். கடற்கரையிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் இடம் கொடுத்துச் சோறு பொங்கிப் போட்டார்கள். அவர்களை வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது ஏப்ரல் 22ஆம் தேதி. கதிரியக்கம் எந்தத் திசையில் பரவும் என்று கணிக்கும் கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. அதன் வரைபடங்கள் மக்களுக்கு உரிய நேரத்தில் தரப்படவில்லை. நாமியே நகரத்தார் பலர் தப்பி ஓடுவதாக நினைத்துக்கொண்டு, மாசு அதிகம் படிந்த சுஷிமா பகுதிக்கே போய்த் தங்கினார்கள்.

உலையிலிருந்து வெளிவந்தவற்றில் அயோடின் 131க்கு அரை ஆயுள் எட்டு நாள். சில மாதங்களில் அது போய்விடும். சீசியம் 134க்கு இரண்டு ஆண்டு. சீசியம் 137க்கு 30 ஆண்டு. இந்த மூன்றாவதுதான் நிலத்தைப் பிடித்துக்கொண்டது. களிமண் துகளின் அடுக்குகளுக்குள் புகுந்து அது இறுகிவிடும். அதனால் நிலத்தடி நீருக்கு எளிதில் இறங்காது. பயிரும் அதிகம் உறிஞ்சாது. அது நல்ல செய்தி. மேல்மண்ணிலேயே பல பத்தாண்டு கிடக்கும் என்பது அதே செய்தியின் மறுபக்கம்.

ஆகவே மேல்மண்ணைச் சுரண்டினார்கள். ஐந்து சென்டிமீட்டர். கேட்பதற்குச் சின்ன அளவு. ஆனால் ஒரு உழவனின் வயலில் அந்த ஐந்து சென்டிமீட்டர்தான் தாத்தா காலத்திலிருந்து எருவிட்டு, வைக்கோல் மக்கவைத்து, கல் பொறுக்கிச் சேர்த்த செல்வம். அதைக் கறுப்புப் பைகளில், பையொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டராக அள்ளிக் கட்டினார்கள். அள்ளிய இடத்தில் மலையிலிருந்து வெட்டி வந்த சத்தில்லாத மணலைப் பரப்பினார்கள். வயலோரங்களில் அடுக்கிய பைகள் வெயிலில் நைந்து, அவற்றைத் துளைத்துக்கொண்டு களை முளைத்தது. இப்படிச் சேர்ந்தது சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். அது உலையைச் சுற்றி ஒகுமா, ஃபுதாபா ஊர்களில் 1,600 ஹெக்டேரில் அமைத்த இடைக்காலச் சேமிப்பிடத்தில் இருக்கிறது. 2045 மார்ச்சுக்குள் அதை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் முடிவாகப் புதைப்போம் என்று அரசு சட்டமே இயற்றியிருக்கிறது. கதிரியக்கம் கிலோவுக்கு 8,000 பெக்கெரலுக்குக் கீழே உள்ள மண்ணைச் சாலை போடப் பயன்படுத்தலாம் என்று சொல்லிப் பார்த்தது. டோக்கியோவின் ஷின்ஜுகு பூங்காவில் சோதனை செய்ய முயன்றபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். கடைசியில் 2025 ஜூலையில் பிரதமர் அலுவலகத் தோட்டத்தில் கொஞ்சம் மண்ணைப் போட்டு, மேலே நல்ல மண் பரப்பிக் காட்ட வேண்டியதாயிற்று.

டோக்கியோக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாயிச்சி உலைகளின் மின்சாரம் ஃபுகுஷிமாவுக்கு வந்ததே இல்லை. அந்த மாகாணத்துக்கு மின்சாரம் தருவது வேறொரு நிறுவனம். நாற்பது ஆண்டு அந்தக் கரையில் உண்டான மின்சாரம் முழுக்க டோக்கியோ வட்டாரத்துக்குப் போனது. மின்சாரத்தை வாங்கிக்கொண்ட ஊர், மண்ணை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

உழவர்கள் சும்மா இருக்கவில்லை. சீசியமும் பொட்டாசியமும் வேதியியலில் பங்காளிகள். வயலில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் நெற்பயிர் சீசியத்தை நாடாது. பொட்டாஷ் உரத்தைக் கூட்டிப் போட்டார்கள். 2012 முதல் 2019 வரை மாகாணத்தில் விளைந்த ஒவ்வொரு அரிசி மூட்டையும், 30 கிலோ மூட்டையாக, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டை, ஓடும் பட்டையில் ஏறி அளவுப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்தது. கிலோவுக்கு 100 பெக்கெரல் வரம்பு, தேறியதற்குத்தான் முத்திரை. 2015 விளைச்சலுக்குப் பிறகு ஒரு மூட்டைகூட வரம்பைத் தாண்டவில்லை. உலகில் இவ்வளவு கறாராக அளக்கப்பட்ட அரிசி வேறெங்கும் இருந்திருக்காது. அப்படியும் சந்தையில் ஃபுகுஷிமா என்ற பெயருக்காகவே விலை குறைத்துக் கேட்டார்கள். கதிரியக்கம் போன பிறகும் போகாத மாசு இது.

காட்டை யாரும் சுத்தம் செய்யவில்லை, செய்யவும் முடியாது. மாகாணத்தில் பத்தில் ஏழு பங்கு காடு. வீடுகளை ஒட்டிய ஓரங்களில் மட்டும் சருகு வாரினார்கள். இலை உதிர்ந்து மக்கி, வேர் உறிஞ்சி, மீண்டும் இலையாகி, சீசியம் அங்கேயே சுற்றிவருகிறது. காளான், மலைக்கீரை, காட்டுப்பன்றி எல்லாவற்றுக்கும் பல இடங்களில் இன்னும் தடை. வசந்தத்தில் கீரையும் இலையுதிர் காலத்தில் காளானும் பறித்து அண்டை வீட்டுக்குக் கொடுத்து வாங்குவதுதான் மலைக்கிராம வாழ்க்கை. இதாத்தேயின் பெரும்பகுதியில் 2017 மார்ச் 31இல் வெளியேற்ற உத்தரவு நீங்கியது. திரும்பி வந்தவர்கள் நான்கில் ஒரு பங்கு, பெரும்பாலும் முதியவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு ஊரில் வேர்விட்டுவிட்டார்கள்.

பழைய விபத்துகள் சொன்னது

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது அக்கம்பக்கப் பண்ணைகளின் பாலைக் கொட்டச் செய்தார்கள். அயோடின் புல்லில் விழுந்து, பசுவழி பாலுக்கு வந்து, குழந்தையின் தைராய்டில் சேரும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் வெடித்தபோது சோவியத் அரசு வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிர்மானி அடித்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. உலையை ஒட்டிய பிரிப்யத் நகரத்தில் ஐம்பதாயிரம் பேர் ஒன்றரை நாள் ஏதும் அறியாமல் நடமாடினார்கள். பல கிராமங்களில் பிள்ளைகள் மாசுபட்ட பாலைக் குடித்துக்கொண்டே இருந்தார்கள். பின்னாளில் வந்த ஆயிரக்கணக்கான தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பங்கு தவிர்த்திருக்கக் கூடியது. தொலைவும் பெரிய காப்பு இல்லை: வேல்ஸ் மலைகளின் ஆட்டுப் பண்ணைகள் மீதிருந்த கட்டுப்பாடு 2012 வரை நீங்கவில்லை. பவேரியக் காடுகளில் சுட்ட காட்டுப்பன்றியை இன்றும் அளந்துதான் விற்கிறார்கள்.

செர்னோபிலோடு ஒப்பிட்டால் ஜப்பான் உணவுக் கட்டுப்பாட்டில் விரைந்து செயல்பட்டது. அதனால்தான் உடல்நலக் கேடு அந்த அளவுக்குப் போகவில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

முடியாத வேலை, கட்டி முடியாத பணம்

மூன்று உலைகளின் அடியில் உருகி உறைந்த எரிபொருள் சுமார் 880 டன். விபத்து நடந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2024 நவம்பரில், நீண்ட தொலைநோக்கிக் குழாய் போன்ற கருவியை விட்டு முதல் மாதிரியை எடுத்தார்கள். எடை ஒரு கிராமுக்கும் குறைவு. 2051க்குள் வேலையை முடிப்பதாக அறிவித்திருக்கிறார்கள்.

உருகிய எரிபொருளைக் குளிர்வித்த நீரும், உள்ளே கசிந்த நிலத்தடி நீரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் 13 லட்சம் டன்னைத் தாண்டின. பெரும்பாலான கதிரியக்கப் பொருட்களை வடிகட்டி, பிரிக்க முடியாத டிரிட்டியத்தை நீர்த்துப்போகச் செய்து, 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடுகிறார்கள். விடும் அளவைப் பார்த்தால் கடலுக்குப் பெருங்கேடு வரும் என்று சொல்ல அறிவியல் ஆதாரம் இல்லை. இதில் எனக்குப் பெரிய உறுத்தல் வேறொன்று. சம்பந்தப்பட்டவர்கள் ஏற்காமல் எதையும் செய்ய மாட்டோம் என்று 2015இல் மீனவர் அமைப்புகளுக்கு எழுத்தில் உறுதி கொடுத்தார்கள். மீனவர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள். குழாயைத் திறந்துவிட்டார்கள்.

இழப்பீடு, சுத்திகரிப்பு, உலையைக் கலைப்பது எல்லாம் சேர்த்து ஜப்பான் அரசு 2023இல் போட்ட மதிப்பீடு 23.4 லட்சம் கோடி யென். ரூபாயில் சொன்னால் 12 லட்சம் கோடிக்கும் மேல். டோக்கியோ மின் நிறுவனத்தால் இதைக் கட்ட முடியாது. 2012இல் அரசே பெரும்பங்கை வாங்கி அதைத் தூக்கி நிறுத்தியது. பணம் மின்கட்டணத்திலிருந்தும் வரியிலிருந்தும்தான் வருகிறது. 2022 ஜூலையில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் முன்னாள் நிர்வாகிகள் நால்வர் 13 லட்சம் கோடி யென் கட்ட வேண்டும் என்றது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. குற்ற வழக்கில் நிர்வாகிகள் விடுதலை ஆனார்கள். அரசுக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இலேயே சொல்லிவிட்டது. மனிதர்கள் வரவழைத்த பேரழிவு என்று நாடாளுமன்றக் குழு சொன்னது. பொறுப்பாளி என்று ஒரு மனிதரும் தேறவில்லை.

மாற்றம் வந்த விதம்

விபத்துக்கு முன் ஜப்பானின் மின்சாரத்தில் கால்பங்கு அணுவிலிருந்து வந்தது. 2012 மே மாதத்தில் எல்லா உலைகளும் நின்றன. இடையில் ஒன்றிரண்டு ஓடி, 2013 செப்டம்பரிலிருந்து 2015 ஆகஸ்ட் வரை ஒரு உலைகூட ஓடவில்லை. நாடு இருண்டுவிடவில்லை. 2011 கோடையில் பெரிய ஆலைகள் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. மக்கள் தாமாகவே விளக்கணைத்தார்கள். ஆனால் அணுவின் இடத்தைச் சூரியன் பிடிக்கவில்லை. எரிவாயுவும் நிலக்கரியும் எண்ணெயும்தான் பிடித்தன. 2012, 2013இல் மின்சாரத்தில் ஏறத்தாழ 88 சதவீதம் இவற்றிலிருந்தே வந்தது. அணுவை நிறுத்தினால் பசுமை வந்துவிடும் என்பவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போகக் கூடாது.

பிரதமர் நவோதோ கான், மாற்று மின்சாரத்தைக் கட்டாயமாக நிலையான விலைக்கு வாங்கும் சட்டம் நிறைவேறினால்தான் பதவி விலகுவேன் என்று நின்று, 2011 ஆகஸ்டில் அதை நிறைவேற்றினார். 2012 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு வரியோடு 42 யென். அவ்வளவுதான், நாடெங்கும் சூரியப் பலகைகள் முளைத்தன. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த மாற்று மின்சாரம் 2023இல் 23 சதவீதத்தை நெருங்கியது.

அதற்கு மேல் ஏன் போகவில்லை? கம்பி. ஜப்பானின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60 ஹெர்ட்ஸ். விபத்தின்போது இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1,000 மெகாவாட் மட்டுமே போய்வர முடிந்தது. மின்கம்பிகளோ பழைய பெரிய நிறுவனங்களின் கையில். 2014 செப்டம்பரில் ஐந்து நிறுவனங்கள், புதிய இணைப்பு விண்ணப்பங்களுக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவைத்தன. 2018 அக்டோபரில் கியூஷுவில் வெயில் அதிகமாக அடித்த நாளில் சூரிய மின் நிலையங்களை அணைக்கச் சொன்னார்கள். அணு உலைகள் ஓடிக்கொண்டிருந்தன; விதிப்படி அவற்றைத்தான் கடைசியில் குறைக்க வேண்டும்.

ஃபுகுஷிமா மாகாணம், 2040க்குள் தன் எரிசக்தித் தேவைக்கு ஈடான அளவை மாற்று வழிகளில் ஆக்கிக்கொள்வது என்று முடிவெடுத்தது. கடலில் மிதக்கும் ராட்சதக் காற்றாலைகளை அரசு நிறுத்திப் பார்த்தது. கட்டுப்படியாகவில்லை என்று 2021க்குள் கழற்றிவிட்டது. நாமியேயில் முன்பு அணு உலைக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இன்று சூரிய மின்சாரத்தால் ஹைட்ரஜன் பிரிக்கும் கூடம் நிற்கிறது. எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தருவது மேற்கே, கிதகதா ஊரில் நடந்தது. யாவெமோன் சாதோ, ஒன்பது தலைமுறையாக அரிசி மது வடிக்கும் குடும்பத்தவர். நம் ஐசு பகுதியின் ஆற்று மின்சாரமும் நூறாண்டாக டோக்கியோவுக்கே போகிறது, நம் மின்சாரத்தை நாமே ஆக்குவோம் என்று ஊர்க்காரர்களைச் சேர்த்து 2013இல் ஒரு மின் நிறுவனம் தொடங்கினார். ஆளுயரத்துக்கு மேல் பனி விழும் ஊர் அது. பனி வழுக்கி விழும்படி பலகைகளை நன்கு சாய்த்து, விழுந்த பனி முட்டாதபடி தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் சூரிய மின்சாரம் ஆகாது என்று சொன்னவர்களுக்கு அதுதான் பதில்.

எல்லாச் சூரியப் பலகையும் இப்படி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளியூர் முதலீட்டாளர்கள் மலைச்சரிவுக் காட்டை வெட்டிப் பலகை பரப்பினார்கள். மண்சரிவுக்கும் கண்ணைப் பறிக்கும் ஒளிக்கும் அஞ்சிய ஃபுகுஷிமா நகரம், 2023 ஆகஸ்டில் இனிப் பெரும் சூரிய மின் நிலையங்கள் வேண்டாம் என்று அறிவித்தது. அணு உலை வந்த அதே முறையில், ஊரைக் கேட்காமல், ஊருக்கு ஒன்றும் விட்டுவைக்காமல் வந்தால் சூரியனையும் மக்கள் எதிர்ப்பார்கள்.

ஜெர்மனியின் கதை ஃபுகுஷிமாவில் தொடங்கவில்லை. 1975இல் வைல் என்ற ஊரில் திராட்சை உழவர்கள் அணு உலை வரவிருந்த இடத்தில் போய் உட்கார்ந்ததிலிருந்து தொடங்குகிறது. செர்னோபிலுக்குப் பிறகு, கருங்காட்டு மலையில் ஷோனாவ் என்ற இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூரில், பிள்ளைகளுக்குப் பயந்த பெற்றோர் சிலர் கூடினார்கள். உர்சுலா, மிஷாயேல் ஸ்லாடெக் தம்பதி முன்னின்றார்கள். முதலில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தினார்கள். பிறகு மின்நிறுவனத்திடமிருந்து ஊரின் மின்கம்பிகளையே விலைக்குக் கேட்டார்கள். ஊரில் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. நாடெங்கிலுமிருந்து நன்கொடை வந்தது. 1997இல் கம்பி ஊராரின் கைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், யார் ஆக்கினாலும் மாற்று மின்சாரத்தை முதலில் வாங்கியாக வேண்டும் என்றது. 2012 வாக்கில் அந்நாட்டின் மாற்று மின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி தனிமனிதர், உழவர், கூட்டுறவுகளின் உடைமை. அதனால்தான் 2011இல் அங்கேலா மெர்கல் எட்டு உலைகளை உடனே நிறுத்தி, மற்றவற்றுக்கும் நாள் குறித்தபோது அதைத் தாங்க ஒரு சமூகம் தயாராக இருந்தது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15இல் நின்றன. அதே ஆண்டில் மின்நுகர்வில் பாதிக்கு மேல் மாற்று வழிகளிலிருந்து வந்தது.

ஜெர்மனி நிலக்கரியை முதலில் நிறுத்திவிட்டு அணுவைப் பின்னால் நிறுத்தியிருக்கலாம் என்ற விமர்சனம் நியாயமானது. அந்த ஆண்டுகளில் பழுப்பு நிலக்கரிப் புகையைச் சுவாசித்தவர்களும் மனிதர்கள்தான். ஆனாலும் அணு போன இடத்தை நிலக்கரி பிடித்துக்கொண்டது என்ற பிரச்சாரம் தவறு. 2011இல் நாற்பது சதவீதத்துக்கு மேலிருந்த நிலக்கரியின் பங்கு 2023இல் கால்பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது.

ஜப்பானோ திரும்பி நடக்கிறது. அணுச் சார்பை இயன்றவரை குறைப்போம் என்று விபத்துக்குப் பின் சேர்த்த வாக்கியத்தை 2025 பிப்ரவரித் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. 2040இல் 20 சதவீதம் அணு, 40 முதல் 50 சதவீதம் மாற்று மின்சாரம் என்பது இப்போதைய குறி. விபத்து நடந்த நாடு திரும்புகிறது. விபத்து நடக்காத நாடு விட்டுவிட்டது. வேறுபாடு கம்பி யார் கையில் என்பதிலும் சட்டம் யாருக்கு வழிவிட்டது என்பதிலும் இருக்கிறது.

நம் கரை

ஃபுகுஷிமாவின் படங்கள் இடிந்தகரை மீனவர் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வழியே வந்தபோது, கூடங்குளத்தில் முதல் உலை ஓடத் தயாராகிக்கொண்டிருந்தது. 2004 சுனாமி அந்த மக்களின் கண்முன் நடந்தது. கல்பாக்கத்தில் கடல்நீர் புகுந்து, ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்த நேர்ந்ததும் நினைவில் இருந்தது. அந்த உலை பாதுகாப்பாகவே நின்றது. ஆனாலும் 2011 ஆகஸ்டிலிருந்து இடிந்தகரையின் லூர்து மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: ஏதாவது நடந்தால் எங்களை எங்கே கொண்டுபோவீர்கள், எங்கள் மீனை யார் வாங்குவார்? ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்குதான் பதிலாக வந்தது. ஃபுகுஷிமா மீனவர்களையும் அரிசி உழவர்களையும் பார்த்த பிறகு, அந்தக் கேள்வியை அறியாமை என்று யாரும் ஒதுக்க முடியாது.

2010ஆம் ஆண்டு அணு இழப்பீட்டுச் சட்டம், உலையை இயக்குபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் என்று வரம்பு வைத்தது. ஃபுகுஷிமா கணக்கில் அது எண்ணூறில் ஒரு பங்குகூட இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அணுசக்தித் துறையின் நிழலில் இருந்ததை 2012இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையே குறை சொன்னது. தனி அமைப்பு உருவாக்க 2011இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே 2014இல் காலாவதியானது.

கூடங்குளம் உலைகளைச் சுற்றிலும், மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வரையிலும் காற்றாலைகள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் அவற்றின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது கம்பி தாங்காது என்று அவற்றை நிறுத்தச் சொன்ன ஆண்டுகள் உண்டு. காற்று ஓய்ந்த மாதங்களுக்கும் வெயில் சாய்ந்த மாலைகளுக்கும் சேமிப்பு வேண்டும். நீலகிரியில் குந்தா நீரேற்று மின்திட்டம் போன்றவை அதற்குத்தான். புதிய உலைக்குப் போகும் பணமும் அக்கறையும் முதலில் கம்பிக்கும் சேமிப்புக்கும் போக வேண்டும் என்பதே இதையெல்லாம் பார்த்தபின் என் முடிவு.

இருக்கிற உலைகள் இன்னும் பல ஆண்டு ஓடும். ஆகவே அதுவரை நாம் கேட்க வேண்டியவை உண்டு. கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் அவசரகால வெளியேற்றத் திட்டம் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கதிர்மானி அளவுகளைத் துறைக்கு வெளியே உள்ள கல்லூரிகளும் எடுத்து வெளியிட வேண்டும். முதியோர் இல்லங்களையும் மருத்துவமனைகளையும் எப்படி, எந்த வண்டியில், எங்கே மாற்றுவது என்று இன்றே எழுதிவைக்க வேண்டும். உங்கள் ஊர் அந்த வட்டத்துக்குள் இருந்தால், அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.